மெட்டடார் வேனுக்கு மறுபடியும் ஒரு முகம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் வரை வரும் சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தப் பக்கம் வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் தயாராயின. நடுவில் ஒரகடம். இன்றைக்குக் கார், லாரி, பைக் என்று எல்லாமே அங்கே பிறக்கின்றன. புத்தம் புதுக் கார்களைச் சுமந்த நீளமான டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். இந்தப் பக்கம், பாலாற்றங்கரையில் வாலாஜாபாத். தறிச் சத்தமும் ரயில் சத்தமும் கலந்து கேட்கிற ஊர்.

ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிற வாலாஜாபேட்டையோடு இந்த ஊரைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. இரண்டுக்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆற்காடு நவாப், முகமது அலி வாலாஜா.

இந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், ஒரு பழைய மெட்டடார் வேன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். இப்படி ஒரு வண்டி தமிழ்நாட்டில் பல ஊர்களில் நிற்கிறது. அதன் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வீட்டுக்காரர் முப்பது வருடம் அந்த வேனை ஓட்டியவர். கல்யாணம், காதுகுத்து, திருப்பதி, மேல்மருவத்தூர், சபரிமலை என்று ஊரே அதில் ஏறி இறங்கியிருக்கிறது. கொரோனா வந்தபோது நின்ற வண்டி, பிறகு கிளம்பவே இல்லை. மகள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஓர் ஆசை. சினிமாக்காரர்கள் வைத்திருக்கிறார்களே, கேரவன், அந்த மாதிரி பெரிதாக வேண்டாம். படுக்க இரண்டு கட்டில், தண்ணீர் டிரம், ஒரு விளக்கு. அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து ராமேஸ்வரம் வரை மெல்லப் போய் வர வேண்டும். அம்மா இத்தனை வருடத்தில் அந்த வண்டியில் ஒரு நீண்ட பயணம்கூடப் போனதில்லை. சீட் எப்போதும் வாடகைக்காரர்களுக்குத்தான்.

ஆனால் வண்டிக்கு முகமே இல்லை. முன் கிரில் பாதி உடைந்து, மீதி துருப்பிடித்து, ஒரு பக்கம் கட்டுக்கம்பியில் தொங்குகிறது. காயலான் கடைக்காரர் வாராவாரம் வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறார்.

இந்த வண்டி வந்த வழி

மெட்டடார் நம் ஊரில் ஒரு வண்டியின் பெயராக வந்து, கடைசியில் வேன் என்பதற்கே பெயராகிவிட்டது. இதன் பூர்வீகம் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே டெம்போ என்ற பெயரில் சின்னச் சரக்கு வண்டிகள் செய்த நிறுவனத்தோடு கைகோத்து, 1958-ல் தொடங்கிய இந்திய நிறுவனம்தான் பஜாஜ் டெம்போ. முதலில் மூன்று சக்கர ஹன்சீட். 1969-ல் மெட்டடார். பின்னாளில் மெர்சிடிஸ் வடிவமைப்பிலான ஓ.எம். 616 டீசல் என்ஜின் இதில் ஏறியது. சுமார் முப்பது வருடம் இந்தியச் சாலைகளில் ஓடிய இந்த வண்டியின் தயாரிப்பு 2000 வாக்கில் நின்றது. 2005-ல் நிறுவனத்தின் பெயரே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது.

இந்த வண்டியின் ஜெர்மன் உடன்பிறப்புகளை அங்கே பலர் படுக்கையும் அடுப்பும் வைத்து வீட்டு வண்டியாக மாற்றிக்கொண்டார்கள். காரணம் எளிது. இழுப்பது முன்சக்கரம். அதனால் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு நடுவில் கிடையாது. தரை தாழ்வாக அமையும். பெரியவர்கள் ஏறி இறங்கச் சிரமம் இல்லை. மகள் இதைப் படித்துவிட்டுத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள்.

வண்டியிலேயே வாழ்ந்து காட்டியவர் நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. சென்னையில் பல காலம் வாழ்ந்த என்.டி.ராமராவ், 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியதும், 1940-களின் பழைய செவ்ரோலெட் வேன் ஒன்றைத் தயார்செய்து ஆந்திரா முழுக்கச் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்டினார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் வண்டியோடுதான். அதற்கு ‘சைதன்ய ரதம்’ என்று பெயர். 1983 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். அப்போதே பல பத்தாண்டுகள் பழைய வண்டி அது. பழைய வண்டி என்றால் ஓடாது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கிரில் அழகுக்கு மட்டுமா?

டிங்கரிங் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். உடைந்த கிரில்லைக் காலால் லேசாகத் தட்டினார்.

“இதுல ஒண்ணும் இல்லண்ணே. தூக்கிப் போட்டுட்டு ஒரு ஜி.ஐ. ஷீட்டு வெட்டி, நாலு கோடு போட்டு மாட்டிடலாம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

மகளுக்குச் சம்மதம். செலவு குறைவு. ஆனால் அப்பா தலையை ஆட்டினார்.

“வேணாம்பா. ஒருதபா திருப்பதி மலைல பட்டுட்டேன்.”

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சவாரி. முன்னால் கட்டிய வாழைக்கன்றையும் மாலையையும் அழகாக இருக்கிறது என்று அவிழ்க்காமலேயே கிளம்பிவிட்டார். பாதி மலையில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பாட்டி, காலெல்லாம் எரிகிறது என்றார். ஓரம்கட்டி, மாலையை அவிழ்த்து, ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. அன்றைக்குப் பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும்.

கிரில்லின் உண்மையான வேலை இதுதான். அதன் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது. என்ஜினைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, குறுக்கே ஓடும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. வண்டி வேகமாகப் போனால் காற்று தானாக உள்ளே புகும். நின்றால் ஃபேன் இழுக்கும். வழி குறுகினால் இரண்டும் தடுமாறும். தட்டையான தகட்டில் நான்கு கோடு போட்டால், பார்க்கக் கிரில் மாதிரி இருக்கும். ஆனால் காற்று நுழையும் இடம் பழையதில் பாதிகூட இருக்காது. மெட்டடாரில் என்ஜின் முன்சீட்டுகளுக்கு நடுவே மூடிக்குக் கீழே இருப்பதால், சூடு நேராக ஓட்டுபவர் காலுக்கு வரும். தாங்காமல் போனால் ஹெட் கேஸ்கெட் போகும். அதன் பிறகு கிரில் செலவு ஞாபகத்திலேயே இருக்காது.

உலகப் புகழ்பெற்ற வீட்டு வண்டியான ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு முன்னால் கிரில்லே கிடையாது. 1950-ல் வந்த அந்த வண்டியில் என்ஜின் பின்னால், குளிரவைப்பதும் தண்ணீர் இல்லை, வெறும் காற்று. ரேடியேட்டர் இல்லை, அதனால் முன்னால் ஓட்டையும் தேவையில்லை. கிரில் எங்கே இருக்க வேண்டும் என்பதை அழகு தீர்மானிப்பதில்லை, என்ஜின் தீர்மானிக்கிறது.

பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். “சரிண்ணே. இருக்கறதையே எடுத்துப் பாக்கலாம்.”

கழற்றும் முன் கேமரா

பழைய கிரில்லைச் சரிசெய்வதில் பாதி வேலை, கழற்றும் முன்பே முடிகிறது. மகள் போனை எடுத்து நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் ஒன்று என்று படம் பிடித்தாள். பிறகு பழைய சேலைப் பெட்டி அட்டையில் கிரில்லின் வடிவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தாள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டால், மாட்டும்போது நீளத் திருகு தப்பான ஓட்டையில் போய் ரேடியேட்டரைக் குத்திவிடும். அட்டை வைத்தால் அந்தக் கவலை இல்லை.

துருப்பிடித்த திருகை முரட்டுத்தனமாகத் திருப்பினால் தலை உடைந்துவிடும். துரு இளக்கும் ஆயிலை முந்தின இரவே விட்டு ஊறவைக்க வேண்டும். மறுநாள் முதலில் லேசாக இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்த வேண்டும். அந்தச் சின்ன அசைவிலேயே துருவின் பிடி விட்டுப்போகும். அப்படியும் வரவில்லை என்றால் ட்ரில் போட்டு எடுப்பது மேல். வண்டியிலேயே கேஸ் வைத்துச் சுடுவது ஆபத்து. பக்கத்தில் ரேடியேட்டர் குழாய், ஒயர், டீசல் லைன் எல்லாம் இருக்கிறது.

காந்தம் சொல்லும் ஜாதகம்

கிரில் கைக்கு வந்ததும், அது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டவில்லை, எடை குறைவு, கீறினால் வெள்ளியாக மின்னுகிறது என்றால் அலுமினியம். ஒட்டவில்லை, ஆனால் கனமாக இருக்கிறது, குரோம் பூச்சுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. தட்டினால் ‘டப்’ என்று மொட்டையாகச் சத்தம் வந்தால் பிளாஸ்டிக். பழைய வண்டிகளில் ஒவ்வொரு பழுதுக்கும் ஒவ்வொரு கிரில் மாறியிருக்கும். அதனால் கம்பெனியில் என்ன வந்தது என்பதைவிட, இப்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நம் வீட்டு வண்டியில் சட்டம் இரும்பு. நடுவில் இருந்த பட்டைகள், யாரோ எப்போதோ மாற்றிய பிளாஸ்டிக். ஆக, இரண்டு வைத்தியம்.

இரும்புக்கு: துருவை மேலே தேய்த்துவிட்டுப் பட்டி போட்டு மறைத்தால், அடுத்த மழைக்காலத்தில் கொப்புளித்துக்கொண்டு வெளியே வரும். சுத்தமான இரும்பு தெரியும் வரை அழுகிய பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெல்டிங் போட்டால் சூட்டில் தகடு வளைந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, ஆறவிட்டு அடுத்தது என்று போக வேண்டும். நெளிவை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டி எடுக்க வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு, பிறகு எங்கேயும் உட்காராது. பட்டி கடைசியில், மெல்லிய பூச்சாக மட்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதிர்ச்சியில் உதிரும். மேலே துரு தடுக்கும் பிரைமர், அப்புறம் பெயிண்ட். கிரில்லின் பின்பக்கத்துக்கும் அதே கவனம் வேண்டும். துரு எப்போதும் யாரும் பார்க்காத பக்கத்தில்தான் ஆரம்பிக்கும்.

வெல்டிங்கைப் பட்டறை மேஜையில் வைத்துச் செய்வது நல்லது. வண்டியிலேயே செய்தாக வேண்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு: விரிசலின் நுனியில் மெல்லிய ஓட்டை ஒன்று போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. விரிசலை இரண்டு பக்கமும் ‘வி’ வடிவில் சுரண்டி, அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்ப வேண்டும். ஏ.பி.எஸ். வகை என்றால், அதன் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பூசலாம். அது வெறும் ஒட்டு இல்லை, பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். பின்பக்கம் மெல்லிய கம்பிவலைத் துண்டு வைத்துப் பூசினால் பலம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். திறந்த வெளியில், அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

துத்தநாகக் கலவையாக இருந்தால் சாதாரண வெல்டிங் கூடாது, உருகி ஓடிவிடும். குரோம் பூச்சு வேண்டுமென்றால் அதை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. அந்தத் தொட்டிகளில் இருக்கும் குரோமிய ரசாயனம் உடம்புக்குக் கேடு. அனுமதி பெற்ற பிளேட்டிங் பட்டறைக்கே கொடுக்க வேண்டும்.

முழுதாகவே தொலைந்துபோனால்? சென்னையில் புதுப்பேட்டையில் தேடலாம். கழற்றிய வண்டிகளின் பாகங்கள் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும். கிரில் என்று கேட்டுப் புரியாவிட்டால் ‘ஷோ’ என்று கேட்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால், அதே மாதிரி வண்டி வைத்திருப்பவரிடம் கெஞ்சி, அவருடைய கிரில்லில் அச்செடுத்து ஃபைபரில் வார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை செய்த வீட்டு வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி கைவிட்ட பாகங்களை இப்படி ஒருவருக்கொருவர் செய்துகொடுத்துதான் அவர்கள் காலம் தள்ளுகிறார்கள்.

மாட்டுவது ஒரு கோர்வை

காஞ்சிபுரம் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்வையில் சேர்ப்பார்கள். இழுவை ஒரு பக்கம் கூடினால் கரை சுருங்கும். கிரில் மாட்டுவதும் அப்படித்தான். எடுத்தவுடன் ஒரு மூலையை இறுக்கினால் எதிர்மூலை ஓட்டையோடு சேராது. பிறகு சுத்தியலை எடுக்கத் தோன்றும். அங்கேதான் புதுப் பெயிண்ட் போகும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு ஓட்டைகளில் படிந்த பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். மாட்டும்போது நடுவில் மேலே ஒரு திருகு, பாதி மட்டும். பிறகு மற்றவை, எல்லாமே தளர்வாக. இரண்டு வட்ட விளக்குகளுக்கும் கிரில்லுக்கும் நடுவில் இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

ஒவ்வொரு திருகுக்கும் கீழே ரப்பர் வாஷர் வேண்டும். டீசல் என்ஜின் அதிரும் அதிர்வில், ரப்பர் இல்லாத கிரில் மறுபடியும் அதே இடத்தில் விரிசல் விடும். பிளாஸ்டிக் என்றால் ஓட்டை திருகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் விரியும், இடம் இல்லையென்றால் வெடிக்கும். அலுமினியக் கிரில்லில் ஸ்டீல் திருகு நேராகத் தொட்டால், மழை ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷர் ஒன்று போட்டால் சரி.

கடைசியாக, கிரில்லின் பின்பக்கத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கை போகிற அளவு இடம் இருக்கிறதா, ஒயர் எதுவும் நசுங்கவில்லையா, ஹாரன் தொடவில்லையா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் என்ஜின் ஓடாதபோது மட்டும்.

பட்டறைக்காரர் கேட்டார். “முன்னாடி ஒரு பம்பர் கம்பி வச்சிடலாமா பாப்பா? கிரில்லுக்குப் பாதுகாப்பு.”

“அது கூடாதுண்ணே, ஃபைன் போடுவாங்க.”

அவள் சொன்னது சரி. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கிராஷ் கார்டு கம்பிகள் சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் நடந்துபோகிறவருக்கு அடி அதிகம். உள்ளே இருப்பவருக்கும் நல்லதில்லை. நசுங்க வேண்டிய இடம் நசுங்காமல், அந்த அடி நேராகச் சட்டத்துக்குப் போகும். அதேபோல, பூச்சி வராமல் இருக்கக் கிரில்லில் கொசுவலை கட்டுவதும், விளம்பர போர்டு மாட்டுவதும் கூடாது. காரணம் திருப்பதி மலையில் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

கிரில்லைப் பழைய அளவிலேயே சரிசெய்து மாட்டுவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுவது அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறான மாற்றங்களை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வீட்டு வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. ஆகவே கட்டிலுக்கு மரம் வாங்கும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் எஃப்.சி.க்குப் போகிற அன்று எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சிக்கலாகும்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு ‘வின்டேஜ்’ பதிவு என்று 2021-ல் ஒரு வழி வந்தது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அதற்கு வண்டி பழைய வடிவத்தில் இருக்க வேண்டும். கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. நம் வீட்டு மெட்டடாருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆகியிருந்தாலும் ராமேஸ்வரத்துக்கு அது உதவாது.

கேரவனில் சமையல் கேஸ் சிலிண்டர் வைக்கலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்பதற்கு ஒரு சோகமான காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அன்று, மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். மூடிய சின்ன இடத்தில் கசிந்த கேஸ் போக வழி இல்லை. வழியெல்லாம் இட்லிக் கடை இருக்கும் நாட்டில், அந்த ஆபத்து எதற்கு?

இவ்வளவும் பார்த்துவிட்டு, வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்று முடிவெடுப்பவர்களும் இருக்கலாம். அது தப்பில்லை. ஆனால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆர்.சி. நம் பெயரில் இருக்கும் வரை, அந்த நம்பரில் நடப்பதற்கெல்லாம் நம்மைத்தான் தேடி வருவார்கள். அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிட வேண்டும்.

முகம் வந்த நாள்

தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போனவர்கள், அங்கே நிற்கும் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடரைப் பார்த்திருப்பார்கள். கதவைத் திறந்து யாரும் இறங்கப்போவதில்லை. ஆனாலும் அந்தக் காரின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமல் போகிறவர் குறைவு. எல்லாரும் நிற்பது அதன் முன்பக்கத்தில்தான். இரண்டு விளக்கு கண், கிரில் வாய். மனிதனுக்கு எதைப் பார்த்தாலும் அதில் ஒரு முகம் தேடத் தோன்றுகிறது.

வாலாஜாபாத் வீட்டில் கிரில் மாட்டி முடித்த மாலை. முதல் சோதனை, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் என்ஜினை ஓடவிடுவது. முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. கிரில் அதிரவில்லை, சத்தமில்லை. எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் முடித்துச் சாலையில் இறக்கியதும், முதல் நூறு கிலோமீட்டரில் எல்லாத் திருகையும் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டு, கூலியோடு உடைந்த பழைய பிளாஸ்டிக் துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வண்டிக்குக் கூழ் கரைக்க உதவும்.

அந்த வாரமும் காயலான் கடைக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றிவந்து, முன்னால் நின்று பார்த்தார். இந்த முறை விலை கேட்கவில்லை.

“எப்ப வாங்கினீங்க?” என்றார்.

அப்பா சிரித்தார். அம்மா உள்ளேயிருந்து ஒரு முழம் மல்லிகைப்பூவை எடுத்துவந்து கிரில்லில் சுற்றப் போனார்.

“அங்க வேணாம், கண்ணாடிகிட்ட உள்ள மாட்டு” என்றார் அப்பா. “அது மூச்சு விடணும்ல.”